பன்னிரண்டாவது தகடு

அலுமினியத் தகட்டில் ஏற்றிய படத்தை ஈரத்துணியால் தாராளமாகத் துடைக்கலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் தகட்டோடு தகடு உரசக் கூடாது. உங்கள் ஆட்கள் என் யூனிட்டிலிருந்து பன்னிரண்டு படங்களையும் ஜீப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு பனியன் வேஸ்ட்கூட வைக்கவில்லை. திருப்பூரில் பனியன் வேஸ்டுக்கா பஞ்சம்? பரவாயில்லை மேடம், நீங்கள் எழுந்து போய்ச் சொல்ல வேண்டாம். கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

என் பெயர் தரணீதரன். வயது நாற்பத்தாறு. நெருப்பெரிச்சலில் சப்ளிமேஷன் யூனிட் வைத்திருக்கிறேன். ஜெர்சி, ஸ்போர்ட்ஸ் டீ-சர்ட் இவற்றுக்குப் படம் ஏற்றுகிற வேலை. அதற்கு முன்னால் ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்தேன். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் தறி ஓட்டியவர்கள், முருகனைத் தவிர வேறு சாமி தெரியாதவர்கள். நான் நூலை விட்டு நிறத்துக்குப் போனேன். ஆர்டர் கொடுக்கிற பையர் அனுப்புகிற துண்டுத் துணியைப் பார்த்தால் போதும், எந்தச் சாயம் எத்தனை கிராம் என்று கண் சொல்லிவிடும். சும்மா சொல்லக் கூடாது, என் ஷேடைத் திருப்பி அனுப்பிய பையர் கிடையாது. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிக் கோர்ட்டு உத்தரவு வந்தபோது எங்கள் பட்டறையும் மூடியது, திரும்பத் திறக்கவில்லை. யாருக்கும் வேண்டாமல் கிடந்த கெமிக்கல் டிரம்களில் ஏழெட்டை நான் எடுத்து வந்தேன். வீணாகப் போகிறதே என்று மனசு கேட்கவில்லை.

தகட்டில் படம் ஏற்றுவதும் ஜெர்சியில் ஏற்றுவதும் ஒரே வேலைதான். படத்தை இடம் வலம் மாற்றிக் காகிதத்தில் அடித்து, வெள்ளைப் பூச்சுள்ள தகட்டின் மேல் குப்புற வைத்து, பிரஸ்ஸில் இருநூறு டிகிரியில் ஒன்றரை நிமிடம் அழுத்த வேண்டும். மை ஆவியாகிப் பூச்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன்பிறகு அது தகட்டின் மேல் ஒட்டியிருக்கிற படம் இல்லை, தகடே படம்தான். கண்ணாடியும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். பின்னால் ஒரு கட்டை கொடுத்து மாட்டினால், சுவரை விட்டு அரை இஞ்ச் தள்ளி மிதக்கிற மாதிரி நிற்கும். இப்போது கட்டுகிற பெரிய வீடுகளில் ஹாலுக்கு இதைத்தான் கேட்கிறார்கள்.

இதில் வித்தை எல்லாம் காகிதத்தை உரிப்பதில் இருக்கிறது. தகடு சுடச்சுட இருக்கும்போதே ஒரே இழுப்பில் உரிக்க வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் படத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு மங்கல் படம் விழுந்துவிடும். நாங்கள் அதைக் கோஸ்ட் என்போம். கோஸ்ட் விழாமல் உரிக்கிற கை என்னிடம் ஒருத்திக்குத்தான் இருந்தது. நீங்கள் விசாரிக்கிற அந்தத் தமிழ்மதிக்குத்தான். இருபத்தொரு வயது. பத்தாவது முடித்துவிட்டுச் செக்கிங் வேலைக்கு வந்தவளைப் பிரஸ்ஸுக்கு மாற்றியது நான். கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்கிற பெண். அவளை நான் ஒரு நாளும் கோபித்துக்கொண்டது கிடையாது.

அவளுடைய அப்பா வீரன், அம்மா மயிலாள். என் யூனிட்டுக்குக் கிழக்கே இருக்கிற தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருக்கிறார்கள். தோட்டத்துக்காரர் கோயமுத்தூரில். பத்து முருங்கை மரம், கொஞ்சம் சோளத்தட்டு, ஏழு வெள்ளாடு. எங்கள் ஆட்களில் பல பேர் அவரை ‘வீரா’ என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அறுபதைத் தொட்ட மனிதர் என்றும் பார்க்க மாட்டார்கள். நான் ‘வீரண்ணா’ என்றுதான் கூப்பிடுவேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

யூனிட்டுக்குப் பின்னால் ஒரு பாறைக் கிணறு இருக்கிறது. நான் இடத்தை வாங்கிய அன்றே வீரண்ணா வேலியோரம் வந்து நின்று சொன்னார்.

“ஏனுங்க, இந்தக் கெணத்துல குப்பை கிப்பை கொட்டிப்போடாதீங்க சாமி. ரெண்டும் அண்ணந்தம்பி பாகத்துக் கெணறுங்க. உங்க கெணத்துல இருந்து எங்க கெணத்துக்கு அடியில சைடு போரு போட்டிருக்குதுங்க. நாங்க மோட்டாரு போட்டா இதுல இருந்துதானுங்க தண்ணி வரும்.”

“சரிங்கண்ணா, நான் பாத்துக்கறனுங்க,” என்றேன்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

போன சித்திரையில் ஒரு டிரம் அடியில் துருப்பிடித்து ஒழுகியது. உள்ளே இருந்தது குரோம் உப்பு, ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று இருக்கும். ஷெட்டுக்குள் ஒழுகினால் ஜெர்சித் துணியில் கறைபடும் என்று மிச்சத்தைத் தண்ணீரில் கரைத்துக் கிணற்றில் ஊற்றினேன். பகல் பதினொன்றரை இருக்கும். சித்திரை வெயில் நேராகத் தண்ணீரில் விழுந்திருந்தது. ஊற்றிவிட்டுத் திரும்பியிருந்தால் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். எட்டிப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் வீரண்ணா மோட்டார் போட்டார்.

சாதாரணச் சாயம் தண்ணீரில் விழுந்ததும் பரவிக் கலங்கிவிடும். இது கலங்கவில்லை. கனமாக இறங்கி, இழையாகப் பிரிந்து, பச்சைத் தண்ணீருக்குள் கிழக்குச் சுவரை நோக்கி மெதுவாக நீண்டது. ஒரு இழை, அதிலிருந்து நாலு, அதிலிருந்து நாற்பது. நான் வாழ்நாள் முழுவதும் நிறத்தோடு கிடந்தவன் மேடம். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மோட்டார் நின்றதும் இழையும் நின்றது, கொஞ்ச நேரத்தில் வெறும் அழுக்குத் தண்ணீர் ஆகிவிட்டது. நல்லவேளை, கையில் போன் இருந்தது. மூன்று படம் எடுத்திருந்தேன்.

காகிதத்தில் அடித்துப் பார்த்தேன், உயிரில்லை. தகட்டில் ஏற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது. தமிழ்மதிதான் உரித்தாள். உரித்த காகிதத்தைக் கீழே போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சார், பட்டுச் சேலையாட்ட இருக்குதுங்க. இதென்னங்க?”

“நம்ம கெணறுதான் கண்ணு.”

“போங்க சார். இந்தக் கலரு எங்கிருந்து வந்துச்சு?”

கம்ப்யூட்டரில் ஏற்றிய கலர் என்று சொன்னேன். அது ஒன்றுதான் நான் அவளிடம் சொன்ன பொய். அதே படத்தைச் சின்னத் தகட்டில் ஏற்றி அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மயிலாள் அதை டிவிக்கு மேலே மாட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் சித்ரகலா என்று கோயமுத்தூரிலிருந்து ஒரு இன்டீரியர் டிசைனர் வந்தார். கிளப் ஜெர்சி விஷயமாக வந்தவர், சுவரில் சாய்த்து வைத்திருந்த தகட்டைப் பார்த்துவிட்டு வந்த வேலையை மறந்துவிட்டார். எக்ஸ்போர்ட்டர் ஒருவர் புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறார், ஹாலில் முப்பத்தைந்து அடிச் சுவர் காலியாக இருக்கிறது, ஆவணி மூன்றாம் தேதி கிரகப்பிரவேசம் என்றார். பன்னிரண்டு தகடு வேண்டும், எல்லாம் ஒரே தண்ணீராக இருக்க வேண்டும், ஆனால் ஒன்று மாதிரி ஒன்று இருக்கக் கூடாது. “நீங்க பிரிண்டர் இல்லீங்க, ஆர்ட்டிஸ்ட்,” என்றார். அவர் போன பிறகு அந்த வார்த்தையை நான் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நாற்பத்தாறு வயதில் ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

வேலையை முறையாக ஆரம்பித்தேன். யூனிட்டில் நிறம் பார்க்கிற லேப்பில் வைத்திருந்த சின்னத் தராசில் நிறுத்துத்தான் போடுவேன். குரோம் உப்பு எத்தனை கிராம், மயில்துத்தம் எத்தனை கிராம், எந்த மூலையில், எத்தனை மணிக்கு, எல்லாம் லேப் நோட்டில் இருக்கிறது. நோட்டு உங்கள் மேஜை மேல்தான் இருக்கிறது. வெயில் பதினொன்றே காலிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரைதான் தண்ணீரைத் தொடும். அந்த நேரத்துக்குள் மோட்டார் ஓட வேண்டும். வீரண்ணாவிடம் கேட்டேன். படம் எடுக்கத் தண்ணீர் அசைய வேண்டியிருக்கிறது, பதினொன்றரைக்கு மோட்டார் போடுகிறீர்களா என்று.

“படத்துக்குங்களா? அதுக்கென்னங்க சாமி, போட்டுடறனுங்க,” என்றார். அவருக்கு அதில் பெருமைதான். அன்றிலிருந்து நான் ஒரு மிஸ்டுகால் கொடுத்தால் போதும். கிருத்திகை அன்று மட்டும் நான் கிணற்றுப் பக்கம் போக மாட்டேன். அன்று விரதம், சுத்தபத்தமாக இருக்க வேண்டும்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டீர்கள். அவர்கள் வீட்டுத் தொட்டிக்கு. குழாயில் ஆற்றுத் தண்ணீர் அந்தப் பக்கம் பத்து நாளுக்கு ஒருமுறைதான் வரும். மற்ற நாளெல்லாம் ஆட்டுக்கும் அந்தத் தண்ணீர், சோறாக்கவும் அந்தத் தண்ணீர், குடிக்கவும் அதுதான். அங்கே போய்ச் சேரும்போது கலந்து, கரைந்து, லேசான மஞ்சள்தான் இருக்கும். மழைக்கு முன்னால் கிணற்றுத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

குரோம் உப்பு உடம்பை என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் பட்டறையில் அதை அள்ளிப் போட்டவர்களில் இரண்டு பேருக்கு மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுந்தது. ஒருவர் சிறுநீரகம் போய்ச் செத்தார். நான் எப்போதும் கையுறை போட்டுத்தான் எடுப்பேன்.

வைகாசியில் அவர்களுடைய ஆடுகளில் இரண்டுக்குச் சினை கலைந்துவிட்டது, ஒரு ஆடு செத்தது. ஆனியில் மயிலாளின் விரல் இடுக்கில் புண் வந்தது, ஆறவில்லை. சோப்புத்தூள் சேரவில்லை என்று சோப்புத்தூளை மாற்றினாள். அடுத்து தமிழ்மதிக்கு வாந்தி. காலையில் முகம் வீங்கியிருக்கும். ஒருநாள் எட்டாவது தகட்டை உரிக்கும்போது அவள் கை ஆடிவிட்டது. கோஸ்ட் விழுந்தது. இரண்டு வருடத்தில் அவளுக்கு அதுதான் முதல் தடவை. அழுதுவிட்டாள்.

“அழுவாத கண்ணு, வேற தகடு இருக்குது. ஒடம்புக்கு முடியலீன்னா ரெண்டு நாள் லீவு எடுத்துக்க,” என்றேன். திட்டவில்லை. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. அந்தத் தகட்டை மறுபடி நானே ஏற்றினேன்.

ஆனிக் கடைசியில் வீரண்ணா ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார்.

“நீங்க சாய மாஸ்டரா இருந்தவங்க. தண்ணியப் பாத்தா உங்களுக்குத் தெரிஞ்சுபோகுமுங்க. ஆடும் செத்துப்போச்சு, புள்ளையும் படுத்துக்குது. தண்ணியில என்னமோ இருக்குதுன்னு எனக்கு மனசு அடிச்சுக்குதுங்க. பாத்துச் சொல்லுங்க சாமி. நீங்க சொன்னாச் சரி.”

வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் போன பிறகு லேப்பில் உட்கார்ந்து பார்த்தேன். பார்க்காமலே தெரியும், இருந்தாலும் கேட்டுவிட்டாரே என்று பார்த்தேன். நான் நினைத்ததைவிட அதிகமாகவே இருந்தது.

இப்போது நீங்கள் கேட்கிற கேள்வியை அன்று நானே கேட்டுக்கொண்டேன். ஒன்பது தகடு முடிந்திருந்தது. தண்ணீர் கெட்டது என்று சொன்னால் அன்றைக்கே மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். மோட்டார் ஓடாவிட்டால் என் கிணற்றில் இழை நீளாது. நிற்கிற தண்ணீரில் படம் கிடையாது. வேறு கிணற்றில் எடுத்தால் தண்ணீர் வேறாகத் தெரியும், ஒன்பதும் வீண். ஆவணி மூன்றுக்குள் இன்னும் மூன்று தகடு. எப்படிப் பார்த்தாலும் ஒரு மாதம். ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதும் சரியில்லை. அவள் எடை ஐம்பது கிலோ இருக்கும், ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர், அதில் இத்தனை உப்பு என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். தாங்குவாள் என்று வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். வெளியே வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் சேர் போட்டார்கள்.

“தண்ணி நல்லாத்தான் இருக்குதுங்க. உப்பு கொஞ்சம் ஏறியிருக்குது, அவ்வளவுதான். காச்சிக் குடிங்க,” என்றேன். காய்ச்சினால் உப்பு போகாது, தண்ணீர்தான் குறையும். அதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

வீரண்ணா தலையாட்டினார். மயிலாளுக்கு மனசு ஒப்பவில்லை. வாசற்படியில் நின்றுகொண்டு, “நெசமாத்தானுங்களா சாமி? புள்ளைக்குக் காலு வீங்குதுங்க. பேசாம கேன் தண்ணி வாங்கிறலாமான்னு நான் சொல்லிக்கிட்டு இருக்கறனுங்க,” என்றாள்.

கேன் தண்ணீர் வாங்கினால் மோட்டார் ஓடுவது பாதியாகக் குறையும். நான் யோசிக்கவில்லை மேடம், வாயில் தானாக வந்தது. “ஒரு சொம்பு தண்ணி குடுங்க மயிலாளக்கா,” என்றேன்.

அவள் அசையாமல் நின்றாள். வீரண்ணா சேரைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். உங்களுக்கு இந்த ஊர் வழக்கம் தெரியும், நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஆட்கள் யாரும் அவர்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடித்தது கிடையாது. தோட்டத்துக்காரரே மாதம் ஒருமுறை வரும்போது காரில் பாட்டில் கொண்டுவருவார். மயிலாள் உள்ளே போய்ச் சொம்பைத் தேய்க்கிற சத்தம் கேட்டது. ஒருமுறை கழுவியது போதாமல் மூன்று முறை தேய்த்தாள். கொண்டுவந்து கையில் தராமல் திட்டில் வைத்தாள். நான் எடுத்து, அண்ணாந்து ஊற்றாமல், வாய் வைத்தே குடித்தேன். முழுச் சொம்பும்.

மயிலாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “நீங்களே எங்கூட்டுல வாங்கிக் குடிச்சுட்டீங்க. இதுக்கு மேல என்னங்க வேணும்,” என்றாள். வீரண்ணா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு சொம்பு எனக்கு ஒன்றும் செய்யாது. அதற்கும் கணக்கு இருந்தது. ஆனால் அன்று திரும்பி வரும்போது என் மனசு நிறைந்துதான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். யாரும் செய்யாததைச் செய்துவிட்டோம் என்று இருந்தது. என் அப்பா இருந்திருந்தால் அந்த வேலியையே தாண்டியிருக்க மாட்டார்.

அதன்பிறகு கேன் தண்ணீர் பேச்சே இல்லை. மயிலாள் தன் ஆட்கள் இருக்கிற காலனி முழுக்கச் சொல்லிக்கொண்டாள். நான் குடித்த சொம்பைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள் என்று தமிழ்மதி சிரித்துக்கொண்டே சொன்னாள். “உங்களாலதானுங்க சார் எங்கம்மாவுக்கு இப்ப தண்ணி மேல சந்தேகமே போயிருச்சு,” என்றாள். ஆடி முதல் வாரம் பத்தாவது தகட்டை உரித்தாள். அதுதான் அவள் உரித்த கடைசி. கோஸ்ட் இல்லை, நூல் பிடித்த மாதிரி இருக்கும். வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள்.

அடுத்த வாரம் அவளுக்குச் சிறுநீர் நின்றுவிட்டது. கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் முதலில் கேட்டது தண்ணீரைப் பற்றித்தான். வீரண்ணாவே என்னிடம் சொன்னார். “தண்ணியில ஒண்ணும் இல்லீங்க டாக்டர், எங்க சாரு பாத்துட்டாருங்க, அவரே எங்கூட்டுல குடிச்சாருங்கன்னு சொல்லிப்போட்டனுங்க,” என்றார். டாக்டர் தண்ணீர் என்று குறித்ததை அடித்துவிட்டு நாட்டு மருந்து சாப்பிட்டாளா, முருங்கைக்கு என்ன மருந்து அடித்தீர்கள் என்று வேறு பக்கம் தேடப் போய்விட்டார். அப்படி ஒன்பது நாள் போனது.

ஆறாவது நாள் நான் பார்க்கப் போனேன். சாத்துக்குடி வாங்கிப் போனேன், அவளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் வெளியே வைத்துவிட்டார். தமிழ்மதி ரொம்ப மெலிந்திருந்தாள், முகம் மட்டும் ஊதியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

“படுத்துக்க கண்ணு.”

“பதினொண்ணு முடிஞ்சுதுங்களா சார்?”

“முடிஞ்சுது.”

“யாரு உரிச்சாங்க?”

“நானேதான். உன்ற அளவுக்கு வரல.”

சிரித்தாள். “பன்னெண்டு இருக்குதில்லீங்க. அத நான் வந்து உரிக்கறனுங்க. யாரையும் தொட உட்றாதீங்க.”

அப்போது மயிலாள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பாட்டிலை எடுத்து டம்ளரில் ஊற்றினாள். லேசான மஞ்சள். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

“அளவாத்தான் குடுக்கோணும்னு சொல்லியிருக்காங்க. ஆசுபத்திரித் தண்ணி இவளுக்கு ஆவறதில்லீங்க சாமி. அதான் இவரு தினமும் பஸ்ஸுல ஊட்டுத் தண்ணியே கொண்டாந்து தர்றாரு,” என்றாள்.

தமிழ்மதி ஒருக்களித்துப் படுத்தபடி குடித்தாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு எட்டு எடுத்து வைத்து அந்த டம்ளரைத் தட்டிவிட்டிருக்கலாம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டாக்டருக்கு அந்த உப்பின் பெயர் ஒன்று கிடைத்திருந்தால் காப்பாற்றியிருப்பார்கள் என்று உங்கள் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறதாமே. இருக்கலாம். நான் அன்று நினைத்தது இன்னும் ஒரு தகடு பாக்கி இருக்கிறது என்பதைத்தான். உங்களுக்கு இது புரியாது, நான் புரியவைக்கவும் முயலவில்லை. பதினொரு தகடு வைத்து அந்தச் சுவரை நிரப்ப முடியாது.

ஆடி இருபத்தாறு, திங்கட்கிழமை, விடிகிற நேரம் அவள் போய்விட்டாள். எட்டு மணிக்கெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். யூனிட்டுக்கு லீவு விட்டேன். நானே மாலை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டேன். வீரண்ணா என் கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறார். “உங்க படம் முடியறதுக்குள்ள போயிட்டாளுங்களே சாமி,” என்று அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. நடிப்பு இல்லை மேடம். அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கும்.

மூலனூரிலிருந்தும் கொமரலிங்கத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். இருநூறு பேருக்குக் குறையாது. பத்தரைக்கு எடுத்துவிட்டார்கள். எழவு வீட்டுக்கு வந்தவர்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் போக மாட்டார்கள். ஆண்கள் காட்டிலிருந்து திரும்பி வந்ததும் தொட்டியடியில் வரிசையாக நின்றார்கள். வீட்டையும் வாசலையும் கழுவிவிட வேண்டும். சமையலுக்குத் தண்ணீர் வேண்டும். மோட்டாரை ஒருவர் போட்டுவிட்டு நிறுத்தவே இல்லை. சித்திரையிலிருந்து ஒரு நாளும் அவ்வளவு நேரம் அது ஓடியது கிடையாது.

நான் வேலியைத் தாண்டி யூனிட்டுக்கு வந்தேன். கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கிழக்கே இழுத்துக்கொண்டிருந்தது. பதினொன்று ஐம்பது. மேகம் இல்லை. லேப்புக்குப் போய் நிறுத்து எடுத்து வந்தேன். குரோம் உப்பு நானூறு கிராம், மயில்துத்தம் நூற்றைம்பது. நோட்டில் அந்தத் தேதியில் இருக்கும், பாருங்கள். ஊற்றினேன். அந்தப் பக்கம் ஆட்கள் குளிக்கிற சத்தமும் பெண்கள் அழுகிற சத்தமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

இழை சுவர் வரைக்கும் போனது. சுவரைத் தொட்டு, மேலே எழும்பி, விரிந்து, மறுபடி ஒன்றாகச் சேர்ந்து பாறைக்குள் நுழைந்தது. முக்கால் மணி நேரம். நான் அழுதுகொண்டுதான் எடுத்தேன். ஆனால் கை ஆடவில்லை. பன்னிரண்டாவது தகடு அதுதான். பன்னிரண்டிலும் அதுதான் உயர்ந்தது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாயந்திரம் நானே ஏற்றி, நானே உரித்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை. அவள் கேட்டுக்கொண்டதில் அதையாவது செய்தேன்.

அன்று குளித்தவர்களில் எட்டுப் பேருக்கு உடம்பெல்லாம் தடித்துப்போய்த்தான் அதிகாரிகள் வந்தார்கள். தண்ணீர் எடுத்தார்கள், வீரண்ணா கிணற்றுக்குச் சீல் வைத்தார்கள். மயிலாளுக்கும் இப்போது கால் வீக்கம் முழங்காலுக்கு ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டேன். வீரண்ணாவிடம் நீங்கள் யாரும் இன்னும் விவரம் சொல்லவில்லை போலிருக்கிறது. நேற்று சாயந்திரம் இதே ஸ்டேஷன் வாசலில் நின்று என்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார், உள்ளே விட்டதும் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, “யாரோ உங்க மேல பழி போட்டுட்டாங்களாட்ட இருக்குதுங்க சாமி. நான் வந்து சொல்றனுங்க, நீங்க எங்கூட்டுத் தண்ணியவே குடிச்சவருன்னு,” என்றார். “ஊட்டுக்குப் போங்கண்ணா,” என்றேன்.

யாரும் என்னைச் சந்தேகப்படாதபோது நானாக ஏன் வந்தேன் என்று காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். மனசாட்சி என்று எழுதப் பார்க்கிறீர்கள். போன வாரம் பேப்பரில் வந்ததைப் படித்துவிட்டு வந்தேன். எங்கள் பக்கத்து ஓடைக்கு மேலே இருக்கிற ஆறுமுகசாமியின் டையிங்கைப் பூட்டி, அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். அங்கிருந்து கவனக்குறைவாக வெளியேறிய சாயக்கழிவால் இளம்பெண் பலி என்று போட்டிருந்தது. ஆறுமுகசாமியை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். ஒரு லாட் துணிக்கும் அடுத்த லாட்டுக்கும் ஷேடு சேராது. எதையும் நிறுத்துப் போடத் தெரியாது, கண்டமேனிக்கு அள்ளிப் போடுகிற ஆள். அந்த நிறம் அவன் கையில் பிறவிக்கும் வராது.

அதனால் வழக்கு விவரம் என்று தாளின் மேலே எழுதியிருப்பதைத் திருத்திக்கொள்ளுங்கள் மேடம். ஊற்றியது நான். சித்திரையிலிருந்து ஆடி வரை நாற்பத்தோரு தடவை, எங்கே போய்ச் சேரும், யார் குடிப்பார்கள் என்று தெரிந்தே ஊற்றினேன். தண்ணீர் நல்லது என்று சொல்லிக் குடிக்க வைத்ததும் நான்தான். தண்டனை எதுவானாலும் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்கிற அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள். என் வேலையில் கவனக்குறைவு கிடையாது, தமிழ்மதி இருந்திருந்தால் அவளே வந்து உங்களிடம் சொல்லியிருப்பாள்.